காய்ந்த குழைகள்

வாகனம் வராத வீதி தேடி, வெள்ளவத்தையிலிருந்து நானும் நண்பர் குமரனும் சைக்கிள்களை வாடகை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு ஹபரணைப் பக்கம் போனோம். குளக்கட்டு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரம். யானையிடமிருந்து காக்கும்படி பிள்ளையாரை வேண்டி, போகிறவர்கள் அதில் இலைக்குழை முறித்துத் தொங்கவிடுவார்கள். தொங்கியவை எல்லாம் சருகாகியிருந்தன.

“பாரும் ஐசே, ஒரு வாகனமும் இல்லை” என்றார் குமரன். நாங்களும் ஒரு குழையைத் தொங்கவிட்டுப் புறப்பட்டோம்.

முதல் வளைவில் தனியன் யானை நின்றது. சைக்கிள்களைப் போட்டுவிட்டு மரத்தடிவரை ஓடினோம்.

“ஊர்ச்சனமே இந்த ரோட்டால போறேல்லை. குழை காஞ்சு கிடக்கேக்கையே விளங்கியிருக்க வேணும்” என்றார் குமரன், மூச்சு வாங்கியபடி.

எங்கள் பச்சைக்குழையைக் கழற்றிவிட்டே வந்தோம். இப்போதெல்லாம் திரும்பி வந்த பிறகுதான் குழை கட்டுகிறோம். பிள்ளையார் பொறுத்துக்கொள்வார், பின்னால் வருகிறவர் அதை நம்பித்தானே உள்ளே போவார்.