சாந்தோமில் ஆளில்லாத வகுப்பு

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரே காலியாகிவிட்டது. நடுப்பகல் தெருவில் என் செருப்புச் சத்தம் மட்டும் என்கூடவே வருகிறது. பள்ளிக்கூட ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன். வகுப்பில் ஒருவரும் இல்லை. "அ, ஆ" என்று குரல்கள் மட்டும் எழுகின்றன. பயந்துகொண்டே கீழே பார்க்கிறேன்.

பெஞ்சுகளுக்கு அடியில் குப்பத்துப் பிள்ளைகள் சிலேட்டோடு படுத்திருக்கிறார்கள். நடுவே, கழுத்தில் சிலுவையோடு டீச்சர்.

"காலையில அபாயச் சங்கு ஊதிச்சு சார். ஆபத்து போச்சுங்கிற சங்கு இன்னும் ஊதல."

"ஊதுறவனே ஓடியிருப்பான். நீங்களும் கிளம்பலாமே?"

"ஒரு நாள் மூடினா இதுங்க மீன் கூடை தூக்கப் போயிடும், திரும்பாது. ஆண்டவருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"குனிஞ்சிக்கோ நைனா, தொப்பையில குண்டு வுழும்!" என்கிறாள் ஒரு சிறுமி.

உள்ளே தவழ்ந்து போகிறேன். எல்லோரும் சங்குக்குக் காது கொடுக்கிறோம். அலைகூடக் கேட்கவில்லை.

"இ" என்கிறார் டீச்சர். பிள்ளைகளோடு நானும் சொல்கிறேன்.