கூரையில் தங்காத பல்

அந்தப் பல் நர்ஸை எனக்கு இன்றும் பிடிக்காது. அவள் சொன்னதுதான் சரி என்பதே காரணம்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளியில் பல் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது, அடைக்கச் சம்மதம் வேண்டும் என்று ஃபாரம் அனுப்பியிருந்தார்கள். விழப்போகிற பால் பல்லுக்கு அடைப்பு எதற்கு என்று நான் கையெழுத்துப் போடவில்லை. நர்ஸ் என்னை வரச்சொன்னாள். தமிழ்ப் பெண்தான்.

"இது பால் பல் இல்லக்கா. போச்சுன்னா மறுபடி முளைக்காது."

கல்யாணங்கூட ஆகாதவள் என் பிள்ளையின் பல்லைப் பற்றி எனக்குச் சொல்வதா? "எல்லாம் முளைக்கும்லா. நீங்க உங்க வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பது வயதில் மகளின் கன்னம் வீங்கியது. பல்லைப் பிடுங்கிய டாக்டரும் நர்ஸ் சொன்னதையேதான் சொன்னார். மகளிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவளோ, புதுப் பல் முளைக்க இதைக் கூரைமேல் வீச வேண்டும் என்றாள். குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கூரை ஏது? சிராங்கூன் ரோட்டுக்கு, கீழே கடையும் மேலே வீடுமாய் என் தங்கை குடியிருந்த பழைய கடைவீட்டுக்குக் கூட்டிப்போனேன். பின்கட்டு ஓட்டின்மேல் வீசினாள். பல் உருண்டுவந்து சாக்கடையில் விழுந்தது.

பல மாதம் அந்தப் பள்ளத்தை நாக்கால் துழாவிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"நான் சரியா வீசலன்னுதானேம்மா முளைக்கல?"

அவள் தட்டில் சோறு போட்டபடியே, "இருக்கும்," என்றேன்.