கண்ணாடிப்பனி

பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு லண்டனில் மாரிகாலத்தில் சைக்கிள் ஓட முடியாது. இதைச் சொன்னவர் என் சித்தப்பா. விடியற்காலையில் புல்லில் கிடப்பதும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி, காலை வாரிவிட்டு மண்டையை உடைப்பதும் பனி என்றால் ஆளை ஆள் எப்படி எச்சரிப்பது என்று கேட்பார். நியாயமான கேள்வி. அந்த வருடம் எங்கள் வீட்டில் யாராவது கேட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. பன்னிரண்டு வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு, ஒரு பெட்டியுடனும் ஒரு சைக்கிளுடனும் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சித்தியும் பிள்ளையும் நோர்வேயில்தான், பிள்ளையின் வகுப்பு முடிந்ததும் வருவார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. எனக்குப் பதினொரு வயது. நம்பினேன். உண்மையைச் சொன்னால் சித்தியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சைக்கிளைத்தான் யோசித்தேன். அதன் டயர்களில் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள் இருந்தன.

நவம்பரில் திட்டம் தொடங்கியது. செவன் கிங்ஸிலிருந்து வெம்பிளிக்கு, ஜனவரியில், சைக்கிளில். நானும் அவரும். குசினி மேசையில் லண்டன் வரைபடத்தை விரித்து வைத்து மூன்று நிறப் பேனைகளால் கோடு போட்டோம். கவுன்சில் உப்புப் போடும் தெருக்களுக்குச் சிவப்பு. உப்புப் போடாத கால்வாய்க்கரைப் பாதைக்கு நீலம். இறங்கி உருட்ட வேண்டிய பாலங்களுக்குப் பச்சை. கோடு வெம்பிளியில் ஒரு சின்னத் தெருவின் முனையில் முடிந்தது. அங்கே கடையும் இல்லை, கோயிலும் இல்லை.

"அங்கை என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"வந்து பாரன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த முனையைப் பார்ப்பதுதான் என் வாழ்க்கையின் நோக்கமாகிவிட்டது. வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இருபது மைல், ஐஸில், நான் ஓடப்போகிறேன் என்று. ஒருவரும் நம்பவில்லை. அந்த முகங்களுக்காகவே போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் எனக்குத் தினமும் ஒரு வேலை. நான்கு இடங்களில் சப்பாத்தால் நிலத்தை உரசிப் பார்த்து, பின்னேரம் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சொற்கள் தேவைப்பட்டன. மாவைத் தூவியது போல் கிடந்தால் மாப்பனி, ஓடலாம். காலடியில் நறநறவென்றால் சீனிப்பனி. மெதுவாக ஓட வேண்டும், திருப்பக் கூடாது, முன் பிரேக்கைத் தொடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் வெறும் ஈரத் தார் போலப் பளபளத்தால் கண்ணாடிப்பனி. அதற்கு ஒரு சட்டம் இருந்தது.

"ஒராள் கண்ணாடிப்பனி எண்டு சொன்னா மற்றாள் இறங்கவேணும். ஏன் எண்டு கேக்கப்படாது. நான் சொன்னாலும் சரி, நீ சொன்னாலும் சரி."

பெரியவர் ஒருவர் என் சொல்லுக்கும் கட்டுப்படுவேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு இது பெரிய பகிடி. "நோர்வேக்காரர் வெம்பிளிக்குச் சைக்கிளிலை போறாராம். ட்யூப்பிலை ஏறினா ஒரு மணித்தியாலம்." அம்மாவுக்கு உப்பில் ஆச்சரியம். "நாங்கள் கறிக்குப் போடுறதை இவங்கள் ரோட்டுக்குப் போடுறாங்கள்" என்பார். ஒருநாள் மட்டும் அம்மா சிரிக்காமல் கேட்டார்.

"தம்பி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போகவேணுமோ?"

"பிள்ளை வந்தாத்தான் அண்ணி எனக்குப் போக ஏலும்."

நிலத்தைப் பார்க்க என் கண் வேண்டும் என்கிறார் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் புறப்பட்டோம். இரண்டு சோடி காலுறை, நடுவில் பொலித்தீன் பை. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, கால் நிலத்தில் முட்டும்படி சீற்றைப் பதித்திருந்தார். ஆணி வைத்த டயர்கள் இரண்டையும் கழற்றி ஆளுக்கு ஒன்றாக முன் சில்லில் பூட்டப் பார்த்தார். என் சில்லு சின்னது, இருபத்துநாலு அங்குலம். பொருந்தவில்லை. "அப்ப நீதான் என்னைவிட வீரி" என்றார்.

ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை சிவப்புக் கோடு. பிறகு கால்வாய்க்கரை. தண்ணீருக்கு மேல் மெல்லிய ஐஸ், அதன் மேல் வாத்துகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. நான் முன்னால், அவர் பின்னால். ஒரு பாலத்துக்கடியில் நிலம் கறுப்பாக மினுங்கியது.

"கண்ணாடிப்பனி!" என்று கத்தினேன்.

பின்னால் இரண்டு கால்களும் நிலத்தில் விழும் சத்தம் உடனே கேட்டது. கேள்வி இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு, பாலத்துச் சுவரைப் பிடித்தபடி வந்தார். அந்தப் பாலத்துக்கடியில் என் நெஞ்சு விம்மியது போல் அதன் பிறகு எந்தப் பரீட்சைக்கும் விம்மவில்லை.

கம்டனில் நின்று அம்மா கட்டித் தந்த முட்டை சாண்ட்விச்சைத் தின்றோம். அதை எடுக்கப் போனபோது அவருடைய பைக்குள் ஒரு பொதி இருந்தது. சிவப்புக் கம்பளிக் கையுறை, மான் படம் போட்டது.

"எனக்கோ?"

"கை வையாதை. சாப்பிடு" என்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. பரிசை முன்கூட்டியே பார்த்துவிட்டேன் என்று கோபம் போல என்று விட்டுவிட்டேன்.

வெம்பிளிக்குள் ஏறும்போது மதியம் தாண்டிவிட்டது. எனக்குத் தொடை இரண்டும் மரக்கட்டை. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தார். தமிழ்க் கடைகளைத் தாண்டி, நான் வரைபடத்தில் ஆயிரம் தடவை விரலால் தொட்ட அந்தத் தெரு வந்தது. முனையில் பிரேக் பிடித்தார்.

சாதாரணத் தெரு. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்ட வீடுகள், குப்பைத் தொட்டிகள். எனக்கு ஏமாற்றம். கிட்டத்திலிருந்த ஒரு வீட்டின் முன்வளவில் ஊதா நிறச் சைக்கிள் ஒன்று புல்லில் விழுந்து கிடந்தது. மேலெல்லாம் மாப்பனி. அச்சொட்டாக என்னுடைய சைக்கிளின் அளவு.

"ஆரோ விசர்ப் பெட்டை இரவு முழுக்க வெளியிலை விட்டிருக்குது. செயின் கறள் பிடிக்கப்போகுது" என்றேன். அவர் சொல்லித் தந்த அறிவுதான்.

சித்தப்பா அந்தச் சைக்கிளைப் பார்த்தார். பிறகு என் சைக்கிளைப் பார்த்தார். பிறகு ஹாண்டிலில் இருந்த என் கைகளைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"கண்ணாடிப்பனி" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். தார் ஈரமாக இருந்தது. உப்புக் கல் அங்கங்கே கிடந்தது. இரண்டு மாதம் சப்பாத்தால் உரசிப் பழகியவள் நான். சைக்கிளை விட்டு இறங்காமல் காலால் நிலத்தில் மூன்று தரம் ஓங்கி உதைத்தேன். தண்ணீர் தெறித்தது.

"இட்ஸ் ஜஸ்ட் வோட்டர், சித்தப்பா."

"நான் சொல்லுறன், கண்ணாடிப்பனி. அங்காலை போக ஏலாது. வா, திரும்புவம்."

"உப்புப் போட்டிருக்கு! பாருங்கோவன்! ஏன் போக ஏலாது?"

அவர் சைக்கிளைத் திருப்பிவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பயந்தாங்கொள்ளி! நோர்வேயாம் நோர்வே!" என்று அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். எங்கேயோ ஒரு கதவு திறந்தது போல் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, வேகமாக மிதித்தார். ஐஸில் அப்படி மிதிக்கவே கூடாது என்று சொல்லித் தந்தவர் அவர்.

வீட்டுக்குத் திரும்பும்போது ட்ரெயினில் அந்தப் பொதியை என் மடியில் வைத்தார். கையுறை என் விரலின் பாதிக்கு மேல் ஏறவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு உரியது.

"சைஸ் கூடத் தெரியாதோ உங்களுக்கு?" என்றேன்.

"தெரியேல்லைத்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். வெறும் தண்ணீரைக் கண்டு நோர்வேக்காரர் ஓடினார் என்று நான் சொன்னதும் அப்பா சிரிக்கத் தொடங்கினார். தெருவின் பெயரைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அம்மா கோப்பையைக் கழுவுவதை விட்டுவிட்டுக் குழாயை மூட மறந்து நின்றார். ஒருவரும் எனக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பல நாள் கொதித்துக்கொண்டு திரிந்தேன்.

சித்தப்பா அதன் பிறகு திட்டம் போடவில்லை. பங்குனியில் ஸ்ட்ரெதமில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனார். ஆணி டயர்கள் எங்கள் கராஜில் இன்னும் தொங்குகின்றன.

எனக்கு இருபத்தாறு வயதானபோது, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா ஏதோ கடையில் கண்ட ஆளைப் பற்றிச் சொல்வது போல் சொன்னார். சித்தி அவரை விட்டுவிட்டு, பிள்ளையுடன் எங்கள் பயணத்துக்கு ஐந்து வருடம் முன்னதாகவே வெம்பிளிக்கு வந்துவிட்டாராம். பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. என்னைவிட ஒரு மாதம்தான் இளையவள். கூட ஒரு பெட்டையைக் கொண்டுபோனால் கதவு திறப்பார்கள் என்று சித்தப்பா நினைத்தாராம்.

வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆனால் மாரிகாலத்தில் தெரு கறுப்பாக மினுங்கும்போதெல்லாம் அவர் குரல் கேட்கிறது. இறங்கியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்டிருக்கக் கூடாது. அதுதான் சட்டம். அவர் என் சொல்லுக்கு அந்தப் பாலத்துக்கடியில் உடனே இறங்கினார். நானோ அவர் மகளின் வீட்டு வாசலில் சப்பாத்தால் நிலத்தை உதைத்து, அது தண்ணீர்தான் என்று நிரூபித்துக்கொண்டு நின்றேன்.