கேக் ஏலத்தில் ரான்சம் சொன்ன விலை

ஓபல் ஸ்டிட்சர் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு ரொட்டி வைத்தாலும் மேலே சொல்லிவிட்டுத்தான் வைப்பாள். அதனால்தான் எங்கள் ஆற்றுச் சங்கம் தேர்தல் கமிட்டி தொடங்கியபோது அவளைப் பொருளாளராக்கினோம். கோழி இறைச்சி ஆலை ஆற்றில் கழிவு விடலாமா என்று ஊரெல்லாம் ஓட்டுப் போடப் போகிற வருடம் அது. விடக் கூடாது என்பது எங்கள் கட்சி.

எங்கள் ஊர்ப் பக்கம் பணம் சேர்ப்பதென்றால் தேவாலய மண்டபத்தில் கேக் ஏலம்தான். பத்து டாலர் பெறாத கேக்கை அறுபது, எழுபதுக்கு ஏற்றிவிடுவார்கள். நான் சுட்ட ப்ளாக்பெர்ரி கேக்கை ரான்சம் டில்லி முந்நூறுக்கு எடுத்தான். செத்துப்போன அவன் பெண்டாட்டி இருந்த காலத்தில் அவளும் நானும் சேர்ந்து சுட்ட கேக் அது.

"உனக்குச் சர்க்கரை வியாதி வேற" என்றேன்.

"சாப்பிடவா வாங்கினேன்? வச்சுப் பாத்துக்கிட்டிருப்பேன், போ."

கேக் வாங்கினாலும் நன்கொடைதான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓபல் விதியை வாசித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இருநூற்றைம்பதைத் தாண்டினால் பெயர், விலாசம், எங்கே வேலை என்பது வரை அரசுக்குக் கொடுக்கும் அறிக்கையில் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரான்சமுக்கு வேலை அதே கோழி ஆலையில்.

அவள் வீட்டுக்கே வந்தான். நானும் இருந்தேன்.

"பாதியை என் தம்பி பேர்ல போட்டுடு, ஓபல். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம்தான்."

"உன் தம்பி கேக் வாங்கலையே."

"எவன் பாக்கப் போறான்?"

"பாக்கத்தானே போடுறோம். ஆலைக்காரன் யாருக்குக் குடுக்குறான்னு காட்டச் சொல்லி நாமதானே கத்தினோம்?"

எழுதாதே என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை அறிக்கை போனது. வெள்ளிக்கிழமை ஆலையில் ஆள் குறைப்பு. வேலை போனது ரான்சம் ஒருவனுக்குத்தான்.

ஆலைக்கு ஆதரவான எதிர்க் கமிட்டி வீட்டுக்கு வீடு பளபள பிரசார அட்டை அனுப்பியது. அவர்கள் அறிக்கையில் ஒரே ஒரு பெயர்: தலைநகரத்தில் தபால் பெட்டி வைத்திருக்கும் ஏதோ ஒரு சங்கம். ஓபல் அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"அந்தச் சங்கத்துக்கு யார் குடுத்தா?"

"அதை இதுல காட்டணும்னு இல்ல மேடம்."

"நாலு லட்சம் டாலர் தம்பி. கேக் வாங்கினவன் பேர் மட்டும் வேணுமா?"

"விதி அப்படித்தான் இருக்கு மேடம்."

தோற்றோம். தோற்றாலும் கமிட்டியை மூட ஒரு கடைசி அறிக்கை உண்டு. அதிலும் ரான்சம் பெயர் வர வேண்டுமாம். ஓபல் அவன் வாசலுக்குப் போனாள், நான் கூடப் போனேன். அவன் வலைக்கதவைத் திறக்கவில்லை.

"இப்ப எங்க வேலைன்னு கேக்கணும்" என்றாள்.

"தெரியாதா உனக்கு?"

"உன் வாயால சொல்லணும்."

வலைக்கதவுக்கு உள்ளிருந்தே சொன்னான்.

"இல்லைன்னு போடு. விலாசத்தையும் மாத்திக்க. வீட்டை வித்தாச்சு, மக வீட்டுக்குப் போறேன்."

மகள் வீடு எந்தத் தெரு என்று கேட்டாள் ஓபல். அவன் சொல்லச் சொல்ல, நின்றபடியே எழுதிக்கொண்டாள்.