வடக்கே இருந்த தலைமாடு

ஒரு பெரிய மனிதரின் கட்டிலைத் திருப்பிப் போட்ட பெருமை எங்கள் குடும்பத்துக்கு உண்டு. தொண்ணூறுகளில், நான் இத்தாலியில், பலெர்மோவில் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகும் வழியில், தோட்டத்தோடு கூடிய ஒரு பழைய வீட்டில் அம்மா வேலை செய்தார். அமெரிக்காவிலிருந்து வந்து அங்கேயே வாழ்ந்து இறந்துபோன ஒரு கவிஞரின் வீடு அது. பலெர்மோவிலேயே பிறந்த அவருடைய மனைவியை நாங்கள் சிஞ்ஞோரா என்போம்.

சிஞ்ஞோரா அந்த வீட்டில் ஒரு துரும்பையும் அசைய விடமாட்டார். கவிஞரின் மூக்குக்கண்ணாடி மேசையில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்ததோ அந்தப் பக்கமே கிடக்க வேண்டும். தூசி தட்டும்போது அம்மா அதை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டால், அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அமெரிக்காவில் பெரியவர்களின் வீடுகளையும் தோட்டங்களையும் பேணிவந்த ஒரு சங்கம், சிஞ்ஞோராவுக்குப் பிறகு இந்த வீட்டையும் பொறுப்பேற்க இருந்தது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எல்லாம் கவிஞர் விட்டுப்போனபடியே இருக்க வேண்டும்.

அவர்கள் பார்க்க வருகிற வாரம் சிஞ்ஞோரா தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வீடு முழுவதையும் கழுவித் துடைத்த அம்மா, படுக்கையறைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கட்டிலின் தலைமாடு வடக்கே, யன்னலுக்குக் கீழே இருந்தது. சிஞ்ஞோரா இன்னமும் அதில்தான் படுப்பார். நித்திரை இல்லை, தலையிடி என்று காலையில் எழுந்ததும் முறைப்பாடு.

“வடக்கை தலை வைச்சால் எப்பிடி நித்திரை வரும்? அந்த மனிசனும் இப்பிடிப் படுத்துத்தான் போய்ச் சேர்ந்தது” என்றார் அம்மா.

அன்று அப்பாவுக்கு ரெஸ்ரோறன்டில் லீவு. “உனக்கேன் இந்த வேலை” என்று முணுமுணுத்தபடி அப்பா ஒரு பக்கம் பிடிக்க, அம்மா மறுபக்கம் பிடிக்க, நான் தலையணைகளைத் தூக்கினேன். மூக்குக்கண்ணாடியைத் தொடவே பயப்படுகிறவர் கட்டிலைத் திருப்பிவிட்டார். ஒருவருக்கு நல்லது செய்ய அனுமதி கேட்க வேண்டும் என்று அம்மாவுக்கு எக்காலத்திலும் தோன்றியதில்லை.

சிஞ்ஞோரா சங்கத்திலிருந்து வந்த விருந்தாளியை விமான நிலையத்தில் சந்தித்து, அவரோடுதான் வீட்டுக்கு வந்து இறங்கினார். வந்தவர் இத்தாலியன் நன்றாகவே பேசும் ஓர் அமெரிக்க அம்மையார். கையில் அந்தப் படுக்கையறையின் பழைய படம் ஒன்று வைத்திருந்தார். படத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அம்மா கிளாசுத் தட்டத்தை ஏந்தியபடி வாசலில் நின்றார். இந்த வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது, அந்தக் கடதாசி இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க முடியாது. அது எனக்கே தெரியும்.

சிஞ்ஞோரா அம்மாவைப் பார்த்தார். பிறகு அம்மையாரிடம் திரும்பினார்.

“நான்தான் திருப்பச் சொன்னேன். அந்தப் படம் எடுத்த பிறகு. கடைசியில் எழும்ப முடியாமல் கிடந்தார். யன்னலால் எலுமிச்சை மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்.”

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் குறித்துக்கொண்டார்.

அவர் போனதும், கட்டிலை இன்றைக்கே பழையபடி போட்டுவிடுகிறோம் என்று சொல்லச் சொன்னார், இத்தாலியன் அரைகுறையாகத் தெரிந்த அம்மா. நான் சொன்னேன். வடக்கில் தலை வைப்பதால் வரும் கேட்டையும் சேர்த்து விளக்கினேன். சிஞ்ஞோரா வேண்டாம் என்று கை காட்டினார். சப்பாத்தோடு கட்டிலில் ஏறிப் படுத்தார். எதிரே யன்னலில் மரம் முழுவதும் தெரிந்தது.

“மாதக்கணக்காக அவர் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்” என்றார்.

“என்னவாம்?” என்று அம்மா என்னிடம் கேட்டார்.

“சுவர் வடிவில்லையாம்” என்றேன்.

அடுத்த நாள் அம்மா அந்தச் சுவரைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அந்த வீட்டுக்குள் போக டிக்கெட் வேண்டும். கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கவிஞர் கடைசி நாட்களில் இங்கிருந்துதான் எலுமிச்சை மரத்தைப் பார்த்தார் என்று வழிகாட்டிப் பெண் சொல்ல, வந்தவர்கள் எல்லோரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள்.

“பாத்தியே, நான் திருப்பின கட்டில்” என்று அம்மா என் கையைச் சுரண்டினார்.

எங்களைக் காப்பாற்றத்தான் சிஞ்ஞோரா பொய் சொன்னார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பாதிதான். கவிஞர் உயிரோடு கிடந்தபோது தனக்குச் செய்யத் தோன்றாததை அன்று அந்தப் பொய்யில் செய்துகொடுத்திருக்கிறார். சிஞ்ஞோரா அன்று சொன்னதை அம்மாவுக்கு மறுபடி, இந்தமுறை சரியாகச் சொன்னேன்.

அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டுச் சுவரை எட்டிப் பார்த்தார்.

“கடவுளே, அதுக்குப் போய் நான் சுவரைத் தேய்ச்சனே” என்றார்.