மஞ்சள் திரை போட்ட கோழிவண்டி

நேற்று மாலை துடியலூர் சிக்னலில் எனக்கு முன்னால் நின்றிருந்த பழைய டீசல் வேன் ஒன்று, பச்சை விழுந்ததும் ஒரு குடம் கரும்புகையை அப்படியே என் முகத்தில் கவிழ்த்துவிட்டுப் போனது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பின்னால் இருந்தவர் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, தூங்கிப்போட்டீங்ளா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். என் ஸ்கூட்டர் கரண்டில் ஓடுவது. சத்தம் கிடையாது, வாசனை கிடையாது. செல்போனைப் போலவே இதையும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறேன்.

அந்தப் புகையில் ஏதோ ஒன்று குறைந்தது. கவுண்டம்பாளையம் வரும் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். கோழி வாசனை. டீசல் புகையில் கோழி வாசனையும் கலந்திருந்தால்தான் அது எனக்கு முழுப் புகை.

எங்கள் வீட்டு வேன் அப்படித்தான் மணக்கும். அப்பா பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கறிக்கோழி ஏற்றிவந்து கோயமுத்தூர் கடைகளுக்குப் போடுகிறவர். வேனைப் பழசாகத்தான் வாங்கினார். அதற்கு முன்னால் அது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஓடியது. சீட்டுகளைப் பிடுங்கிப்போட்டு, ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடித்து, கோழிக்கூண்டு அடுக்கத் தோதாக மாற்றிக்கொண்டார். மேலே பூசிய நீலத்தைச் சுரண்டினால் அடியில் மஞ்சள் தெரியும். பின்கதவில் 'பள்ளிக் குழந்தைகள்' என்ற எழுத்து வெயில் சாயும் நேரத்தில் மங்கலாக மேலே வரும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தப் பெருமை வேனுக்குத்தான் போகவேண்டும் என்று தோன்றும். எனக்கு முன்னாலேயே அது பள்ளிக்கூடம் போய்வந்துவிட்டது.

பொறியியல் முடித்ததும் எனக்கு வேலை கிடைத்தது குஜராத்தில், ராஜ்கோட்டில் ஒரு பம்பு கம்பெனியில். பம்புக்குப் பேர்போன கோயமுத்தூரில் பிறந்துவிட்டுப் பம்பு செய்யக் குஜராத் போகிறவனை என்னவென்று சொல்வீர்கள்? எனக்கும் அப்போது புரியவில்லை. ஆர்டர் வந்தது, போகவேண்டும், அவ்வளவுதான் தெரியும். ரயிலுக்குப் பதிவு செய்யப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ரயில்ல போட்டு உடறதுக்கு நீயென்ன பார்சலா? நம்ம வண்டியில கூட்டிட்டுப் போயி எறக்கி உடறேன். அம்மாளும் வரட்டும்."

நான் சிரித்தேன். ஏனென்றால் 'நம்ம வண்டி' அப்போது ஓடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பண்ணைக்காரர்கள் சொந்தமாக லாரி வைத்துக்கொண்ட பிறகு, அப்பா வேறொருவர் லாரியை ஓட்டப் போய்விட்டார். வேன் வாசலோரம் புங்க மரத்தடியில் நான்கு டயரும் மண்ணில் அமிழ்ந்து நின்றது. அதற்குள் தெருநாய் ஒன்று குட்டிபோட்டு வளர்த்து அனுப்பிக்கூட முடித்துவிட்டது. துரு பிடித்து ஓட்டையான தளத்தகட்டில் கைவிட்டால் தரையைத் தொடலாம்.

அப்பா சிரிக்கவில்லை. பின்கதவைத் தட்டிக்கொண்டே சொன்னார். "இத்தன வருசமா இந்த வண்டி சாவப்போறதைத்தான் சுமந்துச்சு கண்ணு. ஒருக்காவாச்சும் பொழைக்கப்போறவனைச் சுமக்கட்டும்."

மறுநாள் காலையில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு துருவைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் சாமியிடம் பூ கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். சிவப்பென்றால் வேண்டாம். பொண்ணு பார்ப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரைக்கும் இப்படித்தான். நான் வெப்ப இயக்கவியல் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் செமஸ்டர் முடிவு வருவதற்கு முன்னால் இரண்டு தடவை நானும் கேட்டிருக்கிறேன்.

அம்மா முந்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தன் பிறந்த வீட்டு அம்மனிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, அடுப்படியில் என் காதோடு சொன்னாள்.

"எனக்குச் செகப்பு வந்துபோச்சு சாமி."

"அப்பாகிட்டச் சொல்லும்மா."

"எப்படிச் சொல்றது? சாவறதச் சொமந்துச்சு, பொழைக்கறதச் சொமக்கட்டும்னு கண்ணுல தண்ணி உடறாரு அந்த மனுசன். அவரும் செவ்வாக்கெழம அவரு ஊட்டு அம்மன்கிட்டப் பூக் கேக்கப் போறாராமா. அவருக்கும் செகப்பு வந்துருச்சுன்னா நான் வாயே தொறக்க வேண்டாமில்ல?"

இருந்தாலும் முன்ஜாக்கிரதையாக ஒன்று செய்தாள். வலையடித்த ஜன்னலுக்குத் திரையில்லாமல் தான் வரமுடியாது என்று சொல்லி, மஞ்சளில் கட்டம் போட்ட துணி எடுத்துவந்து தைக்க ஆரம்பித்தாள். தைத்து முடிவதற்குள் நாள் ஓடிவிடும், வேலையில் சேரும் தேதி நெருங்கிவிட்டால் நான் ரயிலில் போய்விடுவேன் என்பது அவள் கணக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். வாசல் நெடுக மஞ்சள் துணி விரிந்திருந்தது. நடுவில் அம்மா கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். "என்ன பூவுங்க?" என்று கேட்டாள். அப்பா செருப்பைக் கழற்றாமல் அந்தத் துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு, "வெள்ளைதான் அம்மணி" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன். அடுப்படிக்கு வந்ததும், "இனி எங்கிருந்து சொல்றது? ரெண்டு சாமிக்கும் சண்டை மூட்டி உடறதா?" என்றாள். என்னையும் சொல்லக்கூடாதென்று கட்டிப்போட்டாள்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை இன்றைக்கும் என்னால் ஒழுங்காக வரிசைப்படுத்த முடியவில்லை. துடியலூரிலிருந்து சண்முகண்ணன் என்ற மெக்கானிக் வந்தார். அவரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் இருந்தது. "ஏர் புடிச்சிருக்குதுங்ணா" என்பார். டீசல் குழாயில் காற்று அடைத்தால் எஞ்சின் ஓடாது, அது வாஸ்தவம். ஆனால் கதவு சாத்தாததற்கும் அவர் அதையேதான் சொன்னார். அப்பா நம்பிக்கையோடு என் பக்கம் திரும்புவார். "நீ படிச்சவனாச்சே கண்ணு. என்னன்னு பாரு." நான்கு வருடம் டீசல் எஞ்சினைப் பரீட்சைத்தாளில் அழகாக வரைந்தவன் நான். தாளில் எஞ்சினுக்கு அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருக்கும். இதில் எழுதவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "ஏர்தான் போலிருக்குதுங்ப்பா" என்பேன். சண்முகண்ணன் என்னைப் பெருமையோடு பார்ப்பார்.

டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது டீசல், பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி விழுந்தது. தளத்தகடு மாற்றினோம். கூண்டு இருந்த இடத்தைச் சோப்புத்தூள், மஞ்சள் தண்ணீர், எலுமிச்சைத் தோல் என்று எல்லாவற்றையும் போட்டுக் கழுவினோம். வாசனை அசையவில்லை. 'பொழைக்கப்போறவன்' ராஜ்கோட்டில் கோழி நாற்றத்தோடு போய் இறங்குவதை நினைத்துப் பார்த்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டி தயாராகிவிடும் போலத் தெரிகிறபோதெல்லாம் அம்மா ஒரு புதிய தேவையைக் கண்டுபிடித்தாள். சாய்ந்துகொள்ள நல்ல சீட்டு வேண்டும். அடுப்பு வைக்கப் பலகை வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாடு ஆகாது. தண்ணிக்குடம் ஆடாமல் இருக்க வளையம் வேண்டும். கடைசியாக ஃபேன். அதற்காக அப்பாவும் நானும் உக்கடம் பழைய இரும்புக்கடைகளில் ஒருநாள் முழுக்க அலைந்தோம். ஒரு கடையில் பஸ்ஸில் மாட்டும் குட்டி ஃபேன் கிடைத்தது. அப்பா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்.

"பாத்தியா கண்ணு, உங்கம்மாளுக்கு என்னையக் காட்டியும் ஜாஸ்தி ஆசை!"

அவள் வண்டியை நிறுத்துவதற்காகக் கேட்ட ஃபேன் அது. அவர் அதைப் பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அப்பாவும் வேலையை இழுத்தார். சரியாக இருந்த பிரேக்கைக் கழற்றி மறுக்கா மாட்டினார். யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தார். சாயங்காலம் ஆனால் அம்மா திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டு வேனுக்குள் உட்கார்ந்திருப்பாள். அப்பா அடியில் படுத்திருப்பார். "ஏனுங்க, வழியில நரி வருமுங்களா?" என்பாள் மேலேயிருந்து. "உன்னையப் பாத்தா அது ஓடிப்போயிரும் அம்மணி" என்று கீழேயிருந்து பதில் வரும். அவர்கள் இருவரும் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

சேரும் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வண்டிக்குப் பூசை போட அவிநாசிக் கோயிலுக்குக் கிளம்பினோம். வேன் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுச் சாலையில் ஏறினோம். எஞ்சின் சூடானதும் கோழி வாசனை எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. திரையெல்லாம் படபடவென்று அடித்தது. அம்மா கூச்சப்படாமல் சிரித்தாள். "ஊட்டிக்குப் போறாப்புல இருக்குதுங்க!"

திரும்பி வரும்போது கருமத்தம்பட்டியைத் தாண்டி வேன் இருமிக்கொண்டு நின்றது. சண்முகண்ணனுக்குப் போன் போட்டோம். வந்தார், திறந்தார், வெகுநேரம் பார்த்தார். முதல் தடவையாக 'ஏர்' என்று சொல்லவில்லை.

"டீசல் பம்பு வீக்குங்ணா. இங்க பக்கத்துல ஓடும். அவ்வளவு தொலைவு தாங்காதுங்க. நீங்க சொன்னீங்கன்னா ரெண்டு நாள்ல வேற பம்பு மாத்திப்போடலாமுங்க."

"வேண்டாமுங்க."

அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகங்களில் வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். இறுகக் கட்டிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்கியவர்களைப் போல இருந்தார்கள். இருவரும் ஒரே மாதிரி. அம்மாவுக்குச் சரி, சிவப்புப் பூ. அப்பாவுக்கு என்ன?

குஜராத்துக்கு ரயிலில்தான் போனேன். ஆனால் ஸ்டேஷனுக்கு வேனில் போனேன். அடுப்புப் பலகை, குட வளையம், ஃபேன், மஞ்சள் திரை எல்லாமும் கூடவே வந்தன. இறங்கியதும் அப்பா பின்கதவைச் சாத்திவிட்டு அதை இரண்டு தட்டு தட்டினார். "சொமந்துபோட்டுது" என்றார், என்னிடமா வண்டியிடமா என்று தெரியவில்லை. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் சேலம் வரைக்கும் மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்தார்.

குஜராத்தில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவந்துவிட்டேன். இப்போது இங்கேயே பம்பு செய்கிறேன். நான் அங்கிருந்தபோதே வேனுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்காமல், உக்கடத்தில் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா என் சட்டையை மோந்து பார்த்தார். "எந்த வண்டி கண்ணு? பம்பு பாக்கோணும் அதுக்கு" என்றார். அந்தச் சாக்கில் கேட்டேன். "உங்களுக்குத்தான் வெள்ளை வந்துச்சே, பின்ன ஏனுங்ப்பா அன்னைக்கு வேண்டாம்னீங்க?"

"வெள்ளை எங்க வந்துச்சு?" என்றார் அப்பா, டிவியைப் பார்த்துக்கொண்டே. "செகப்புத்தான். வாசல் நெறையத் துணிய விரிச்சுப்போட்டு ஆசையா என்ன பூன்னு கேக்கறா. செகப்புன்னு எந்த வாயில சொல்றது?"

அடுப்படியில் கரண்டி விழுந்தது. அம்மா வெளியே வந்தாள். "எனக்கும் செகப்புத்தானுங்க வந்துச்சு. நீங்க ஆசையா இருக்கீங்கன்னுதான் நான் சொல்லலை."

டிவியில் யாரோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா அதை நிறுத்தினார்.

"அப்ப அந்த ஃபேனு ஆருக்கு அம்மணி?"

யாருக்கும் தெரியவில்லை. இரண்டு அம்மன்களும் ஒரே பேச்சாகத்தான் பேசியிருக்கிறார்கள். நான் ரயிலில் போகிறேன் என்றுதான் முதலிலிருந்தே சொன்னேன். அப்படியென்றால் அந்த ஒரு மாதம் அத்தனை பாடுபட்டு, நாங்கள் யாரைக் கூட்டிப்போக வண்டி கட்டினோம்? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

மஞ்சள் திரையில் ஒன்று மிச்சமிருக்கிறது. குளியலறை ஜன்னலில் பாதியளவுக்குத் தொங்குகிறது. அம்மா ராத்திரிச் சாப்பாடு போடும்போது அதைப் பார்த்துக்கொண்டே, "இப்பன்னா பூக் கேக்காமயே போலாமுங்களா?" என்றாள்.

"போலாம் அம்மணி" என்றார் அப்பா. தட்டிலிருந்து கையை எடுக்காமல் வாசலைத் திரும்பிப் பார்த்தார். வேன் நின்ற இடத்தில் சிமென்ட் போட்டிருக்கிறோம். என் ஸ்கூட்டர் அங்கே ஒரு பச்சை விளக்கோடு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம்.