மான் புழுக்கை

எங்கள் ஊரில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. கோட்டை வீதியிலும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் மாடுகளைப் போலத் திரியும். வெளியூர்ச் சனம் நின்று படம் எடுக்கும். நாங்கள் சைக்கிள் மணி அடித்து விலத்திக்கொண்டு போவோம். அம்மம்மா மட்டும் நின்று அதுகளோடு கதைப்பார்.

ஈச்சிலம்பற்றில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்து, துறைமுகத்தில் வேலை பார்த்தவரைக் கலியாணம் செய்து திருகோணமலைக்கு வந்தவர் அவர். குருவி, ஓணான், எறும்பு எல்லாமே அவருக்குச் சொந்தக்காரர் மாதிரித்தான். மான் என்றால் ஒரு படி மேல். சண்டைக் காலத்தில் வீட்டைவிட்டு ஓடி, பல மாதம் கழித்துத் திரும்பியபோது கதவும் இல்லை, யன்னலும் இல்லை, கூரையிலும் பாதி இல்லை. முற்றத்தில் இரண்டு மான்கள் படுத்துக் கிடந்தன. "வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தது இதுகள்தான்" என்றாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல் படலையை அவர் பூட்ட விட்டதில்லை.

பூசணிக்காய் வாங்கினால் தோலை விரல் தடிப்புக்குச் சீவுவார். நாங்கள் தின்ற பூசணிக்காயைவிட மான் தின்றதுதான் கூட. பின்னேரங்களில் கடற்கரையில் பிளாஸ்டிக் சொப்பிங் பைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார், மான் தின்றால் செத்துப்போகுமாம். கச்சேரி அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் யாராவது காணப்போகிறார்களே என்று நான் பத்தடி தள்ளி நடப்பேன். விடிய முற்றம் கூட்டும்போது மான் புழுக்கையைத் தனியாக அள்ளிக் கறிவேப்பிலை மரத்தடியில் போடுவார். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு கறிவேப்பிலை வேறு யாரிடமும் இல்லை.

எனக்கு ரோசாவில் பைத்தியம். நுவரெலியாவில் வாங்கிய கன்றுகளைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். முதல் மொட்டு விரிய முன்னம் மான் தின்றுவிட்டது. "உங்கட மான் செய்த வேலையைப் பாருங்கோ" என்று கத்தினேன். அவர் குனிந்து தண்டைத் தடவிப் பார்த்தார். "முள்ளோடயெல்லே திண்டிருக்கு. பாவம், வாய் நொந்திருக்கும்" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது, இனி நடக்க ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் படலையைக் கழற்றிவிட்டு, பூட்டோடு ஓர் இரும்புக் கேற் போட்டேன். படலை உக்கிப்போயிருந்தது உண்மைதான். ஆனால் நான் கேற் போட்டது ரோசாவுக்காக.

அவருடைய கட்டிலைப் பின்னறையில் போட்டோம். அங்கிருந்து வாசல் தெரியாது. வீட்டுக்கு வந்த மறுநாள் விடியவே கேட்டார்.

"மான் வந்துதோ பிள்ளை?"

"ஓம் அம்மம்மா, வந்தது."

"அப்ப புழுக்கையைக் கூட்டிக் கறிவேப்பிலைக்குப் போடு. போட முதல் ஒருக்காக் கொண்டுவந்து காட்டு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. முற்றத்துப் பொருள் எதையாவது தொட்டுப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்திருக்கும். எனக்கோ பொய்யைக் காப்பாற்றுகிற அவசரம். பின்வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா ஆடு வளர்த்தார், நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். வேலியால் எட்டிக் கேட்டேன். "அள்ளிக்கிட்டுப் போங்க புள்ள, இதுக்கும் கேக்கணுமா?" என்றார். ஆட்டுப் புழுக்கையைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மம்மா ஒன்றை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டு கிழமை இப்படியே போனது. ரோசா பூத்தது. ஒரு பூவைக் கிளாசில் வைத்து அவர் தலைமாட்டில் வைக்கிற அளவுக்கு எனக்குத் துணிவு வந்துவிட்டது. "வடிவா இருக்கு" என்றார்.

ஒரு நாள் விடிய, புழுக்கையை உருட்டிக்கொண்டே சொன்னார்: "ராத்தாட ஆட்டுக்கு வயிறு சரியில்லைப் போல. தீன் மாத்திக் குடுத்திருக்கிறா."

நான் சிரட்டைக்குள் குனிந்து பார்த்தேன்.

"மானுடையதில ஒரு பக்கம் கூரா இருக்கும் பிள்ளை. முதல் நாளே தெரியும்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீ விடிய வந்து என்னோட இருந்து கதைக்கிறாய். அதை நான் ஏன் கெடுப்பான்?" கையிலிருந்த புழுக்கையைச் சிரட்டையில் போட்டுவிட்டு, "கேற்றை மட்டும் ஒருக்காத் திறந்து விடன்" என்றார். கேற் போட்ட கதையையும் நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பூட்டுகிற சத்தம் கேட்டிருக்கும்.

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே பூட்டைக் கழற்றி எறிந்து கேற்றை விரியத் திறந்துவிட்டேன். பூசணித் தோலைத் தடிப்பாகச் சீவி முற்றத்தில் போட்டேன். ரோசாச் சாடிகளைக்கூட வாசலுக்கு இழுத்து வைத்தேன், மான் கண்ணில் படட்டும் என்று. அவர் கண்மூட முன்னம் ஒரு மானாவது உள்ளே வந்தால் போதும் என்றிருந்தது.

"மான் வந்துதோ பிள்ளை?"

"இல்லை அம்மம்மா."

ஒவ்வொரு நாளும் இதைச் சொல்வது பொய் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. கோட்டை வீதியில் ஒரு கைப்பிடி அள்ளி வந்திருக்கலாம், அசல் மான் புழுக்கை. மனம் வரவில்லை. "வழி மறந்திருக்கும், அதுகள் வருங்கள்" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். பதினோராம் நாள் காலையில், தேத்தண்ணீர் கொண்டு போனபோது மூச்சு இல்லை.

செத்த எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். உலை வைப்பதற்காக விடியவே எழும்பிக் கதவைத் திறந்தேன். ரோசாக் கன்றுகள் அடியோடு தின்னப்பட்டிருந்தன. முற்றம் முழுக்கப் புழுக்கை. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் கூராக இருந்தது. சிரட்டை நிறைய அள்ளிக்கொண்டு, "அம்மம்மா, வந்தது" என்று சொல்லியபடியே பின்னறை வாசல்வரை ஓடிவிட்டேன்.

கட்டிலை முந்தின நாளே கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தோம்.